பிளக்குக்கு ஒரு கணக்கு, ஒயருக்கு வேறு கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவரும் புகார் ஒன்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது. முதல் இரண்டு தெரு தாண்டும்வரை மிஸ்ஸிங் அடிக்கிறது. வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மதியம் கொண்டுபோய் நிறுத்தினால் குறை தெரியாது. “பிளக்கைக் கழட்டி கிளீன் பண்ணிப் போட்டிருக்கேன் சார், ஓட்டிப் பாருங்க” என்று மெக்கானிக் அனுப்பிவைப்பார். அடுத்த மழையில் மறுபடி அதே உதறல்.

பிளக்கில் பழுது இல்லாதபோது பிளக்கைத் துடைத்து என்ன பயன்? மழையில் மட்டும் வரும் மிஸ்ஸிங் பெரும்பாலும் பிளக் ஒயரின் வேலை. ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரையும் ஒரே பொருளின் இரண்டு துண்டுகளாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். உண்மையில் இரண்டும் வேறு வேறு விதமாகக் கெடுகின்றன. பிளக் ஓட ஓடத் தேய்வது. அதை அட்டவணை பார்த்து மாற்ற வேண்டும். ஒயர் சூட்டிலும் வயதிலும் கெடுவது. அதைச் சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டும். ஆனாலும் பிளக்கைத் தள்ளிப்போட்டால் ஒயரின் ஆயுளும் சேர்ந்து குறைகிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால், எதை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது. (டீசல் கார்க்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அதில் இருக்கும் ‘குளோ பிளக்’ சூடேற்றும் கம்பி. அது வேறு ரகம்.)

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பெட்ரோலும் காற்றும் கலந்து இறுகிக் கிடக்கும் சிலிண்டருக்குள், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சந்தைத் தாண்டிப் பொறி பாய இது எந்த மூலைக்கு? இக்னிஷன் காயில் இதை 20,000 வோல்ட் அளவுக்கும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் உயர்த்துகிறது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்துகாட்டினார். அன்றிலிருந்து பிளக்கின் அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. நடுவில் ஒரு முனை, அதைச் சுற்றிப் பீங்கான், வெளியே மரையோடு கூடிய இரும்புக் கூடு, கூட்டின் அடியிலிருந்து வளைந்து வந்து நடுமுனைக்கு எதிரே நிற்கும் இன்னொரு முனை. இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள சந்தைத்தான் மெக்கானிக்குகள் ‘கேப்’ என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு நிமிடம். அதற்குள் ஒவ்வொரு பிளக்கிலும் 1,250 பொறி. 20,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டரைக் கோடி. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. புதுப் பிளக்கின் நடுமுனையை உற்றுப் பாருங்கள், விளிம்பு வெட்டினாற்போல் கூர்மையாக இருக்கும். பழசில் அது மழுங்கி உருண்டிருக்கும், கேப்பும் அகன்றிருக்கும். மின்சாரம் கூர்மையான விளிம்பிலிருந்து எளிதில் பாயும், மழுங்கியதிலிருந்து தயங்கும். ஆக, விளிம்பு மழுங்கினாலும் சரி, சந்து அகன்றாலும் சரி, பொறி பாய முன்பைவிட அதிக வோல்ட் தேவைப்படுகிறது.

இந்தத் தேய்மானம் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. கேட்கிற வோல்ட்டை காயில் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் கையிருப்பு தீரும்வரை வண்டி சாதாரணமாகத்தான் ஓடும். முதலில் குறை தெரிவது மேட்டில். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். அழுத்தம் கூடக் கூடப் பொறி பாய்வது கடினம். சமவெளியில் சமர்த்தாக ஓடிய வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திணறினால், கிளட்ச்சைச் சந்தேகிக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் நடக்கிறது. சிலிண்டருக்குள் பாய்வது கடினமானால் அந்த உயர் மின்னழுத்தம் வேறு வழி தேடும். ஏரி நிரம்பும்போது தண்ணீர் மதகுக்காகக் காத்திருக்காது, கரையில் நண்டு வளை எங்கே என்று பார்க்கும், அதுபோலத்தான். ஒயரின் மேலுறையில் ஒரு மயிரிழை வெடிப்பு, பிளக்கின் தலையை மூடும் ரப்பர் கேப்பின் (இது சந்து அல்ல, மூடி) உள்ளே கொஞ்சம் ஈரம், காயிலின் உள்ளே இளகிய காப்பு, எது கிடைத்தாலும் அதன் வழியே இன்ஜின் பாடிக்கு இறங்கிவிடும். ஒரு முறை இறங்கிய இடத்தில் கரிந்த தடம் விழும். அடுத்த முறை அந்தத் தடமே பாதை. நேரத்துக்குப் பிளக்கை மாற்றாதவர்கள் பின்னால் ஒயருக்கும் காயிலுக்கும் செலவழிப்பது இதனால்தான்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பது முனையில் என்ன உலோகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணப் பிளக்கில் நிக்கல் கலவை. நடுவில் செம்புக் கரு இருப்பதால் இதைச் சிலர் காப்பர் பிளக் என்பார்கள், ஆனால் பொறியை வாங்கித் தேய்வது நிக்கல்தான். இதற்கு 20,000 முதல் 40,000 கிலோமீட்டர். பிளாட்டினம் 1,768 டிகிரியில்தான் உருகும், இரிடியம் 2,446 டிகிரியில், நிக்கலுக்கு 1,455. அதனால் பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் 80,000, ஒரு லட்சம் என்று ஓடுகின்றன. நிக்கல் பிளக்கின் நடுமுனை இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரிடியத்தில் 0.4 மில்லிமீட்டர் வரைகூட மெல்லியதாகச் செய்ய முடிகிறது. முனை மெலிந்தால் பொறி எளிதில் பாயும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இரிடியம்’ என்று டப்பாவில் எழுதியிருப்பதாலேயே ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று நினைக்கக் கூடாது. நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்து, எதிர்முனையைச் சாதாரண நிக்கலில் விட்ட பிளக்குகளும் விற்பனையில் உள்ளன. பிக்அப் விரும்புகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. ஆயுள் சாதாரணப் பிளக்கைவிடப் பெரிதாக அதிகம் இருக்காது, ஏனென்றால் எதிர்முனை அதே வேகத்தில்தான் தேயும். நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் இருக்க வேண்டும்.

சில கார்களில் இது இன்னும் முக்கியம். மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டர் போன பிறகு வந்த ஒரு முறையில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே காயில். அது ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கிலும் பொறி அடிக்கும், ஒன்று உபயோகமாகும், மற்றது புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கில் வீணாகும். இதில் ஒவ்வொரு பிளக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடுகிறது. கூடவே ஜோடியில் ஒன்றில் மின்சாரம் தலைகீழாக, எதிர்முனையிலிருந்து நடுமுனைக்குப் பாய்கிறது. ஆகவே ஒரு பிளக்கில் நடுமுனையும் ஜோடிப் பிளக்கில் எதிர்முனையும் அதிகம் தேயும். ஒரே செட் பிளக்கில் தேய்மானம் இப்படி மாறி மாறி இருந்தால் அது பழுது அல்ல, அமைப்பு.

வண்டியோடு தரும் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதில் ஸ்பார்க் பிளக் என்ற வரிக்கு எதிரே உள்ள எண்தான் முதல் பிரமாணம். நான் மேலே சொன்னவை பொது அளவுகள். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் சூடும் அழுத்தமும் அதிகம் என்பதால் இரிடியம் போட்டிருந்தாலும் மாற்றும் கிலோமீட்டரைக் குறைத்தே சொல்லியிருப்பார்கள். கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். பலர் அட்டவணையில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். கடும் உபயோகத்துக்கு என்று தனியாக ஒரு பட்டியல் இருப்பதையும் கவனிப்பதில்லை. நம் நகரங்களில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில்தான் வரும் என்று தோன்றுகிறது.

காரணம் எளிது. ஓடோமீட்டர் சக்கரத்தை எண்ணுகிறது, பொறியை எண்ணுவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நேர நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் கார் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் இருந்தால்கூட ஒரு பிளக்குக்கு 400 பொறி. மொத்தமாக ஒரு மணி நேரம் அப்படி நின்றால் 24,000. முன்னால் போட்ட கணக்குப்படி இது கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். மீட்டரில் ஏறியிருப்பது சுழி. இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து காய்கறிக் கடை என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டி. பிளக்கின் முனை 450, 500 டிகிரி வரை சூடேறினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். இன்ஜின் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் கரி படிந்துகொண்டே போகும். மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான்.

சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. வாயு எரிபொருளில் பொறி பாயக் கூடுதல் வோல்ட் வேண்டும், எரியும்போது முனையின் சூடும் அதிகம். ஆகவே பெட்ரோலில் நன்றாக ஓடும் அதே வண்டி கேஸுக்கு மாற்றியதும் மிஸ்ஸிங் அடித்தால் கேஸ் கிட்டைக் குற்றம் சொல்லும் முன் பிளக்கைப் பாருங்கள். பலவீனமான பிளக்கும் கசியும் ஒயரும் கேஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கேஸில் ஓட்டுகிறவர்கள் பெட்ரோலுக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ‘கிளீன் பண்ணிப் போடுவது’ பற்றி. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்து, 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஆனது. கார்புரேட்டர் கலவையும் துல்லியமில்லை. பிளக்கில் வாரக்கணக்கில் கசடு படியும். ‘மைக்கோ பிளக்’ டப்பா டேஷ்போர்டில் ஒன்று உபரியாகக் கிடக்கும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவது ஓட்டுநரின் அன்றாடக் கைவேலை. இன்றைய இன்ஜினில் கலவையைக் கணினி கவனித்துக்கொள்கிறது. பிளக்கில் கரி அதிகம் படிவதில்லை, முனைதான் தேய்கிறது. துடைத்தால் கரி போகும், தேய்ந்த உலோகம் திரும்பி வராது. போதாததற்கு கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பீங்கானில் உலோகக் கோடுகள் விழுந்து, அவற்றின் வழியே மின்சாரம் கசியும். 0.4 மில்லிமீட்டர் இரிடியம் முனையில் பிரஷ் பட்டால் முனையே போய்விடும். கழற்றிய பிளக் கெட்டிருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் அப்படியே மாட்டுங்கள். இடைப்பட்ட வைத்தியம் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

கழற்றிய பிளக் இன்ஜினைப் பற்றி நிறையச் சொல்லும் என்பது உண்மைதான். வெளிர் பழுப்பு, சாம்பல் நிறம் என்றால் கவலை இல்லை. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வெறும் குறும்பயணங்கள். எண்ணெய் ஊறிய ஈரம் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது. புதுப் பிளக்கும் சீக்கிரமே அப்படித்தான் ஆகும். பீங்கான் வெள்ளை வெளேரென்று கொப்பளம் விட்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம், தவறான ஹீட் ரேஞ்ச் பிளக்காகவும் இருக்கலாம்.

அந்த ஹீட் ரேஞ்ச் பலரைக் குழப்பும் விஷயம். முனையின் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதன் அளவு அது. சூடு 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கே ஆபத்து. குழப்பம் என்னவென்றால், என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான ரகம். ‘6 இல்லை சார், 7 போட்டுக்கலாம், ஒண்ணுதான்’ என்று கடைக்காரர் சொல்வது எந்தக் கம்பெனியிலும் சரியில்லை. என்.ஜி.கே.யின் பிரபலமான ஒரு குறியீட்டைப் பாருங்கள்: பிபிஆர்6இஎஸ். முதல் பி 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த பி, பீங்கான் முனை வெளியே நீட்டியிருப்பது. ஆர், உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்பது. 6 ஹீட் ரேஞ்ச். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். இதில் ஆர் விடுபட்ட பிளக்கைக் கணினி உள்ள காரில் மாட்டினால் ரேடியோவில் இரைச்சல் வருவதோடு நிற்காது, சென்சார்களின் சமிக்ஞையும் குழம்பலாம். மரை நீளம் தவறினாலோ விபரீதம்; நீளமான பிளக் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை வரிசையில் போய் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி பிளக் கேட்காதீர்கள். கையேட்டிலுள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். போலிப் பிளக்குகள் நாட்டில் புழங்குகின்றன. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் காரணம் இருக்கும்.

பிளக்கின் வெளிப்புறத்தில், அறுகோணத்துக்கு மேலே வெள்ளைப் பீங்கானில் இரண்டு விதக் கறைகளைப் பார்க்கலாம். இவற்றைப் பிரித்தறிவது பிளக்குக்கும் ஒயருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நேரான வழி. ஒன்று, இரும்புக் கூட்டை ஒட்டிப் பழுப்பு வளையம். சிலிண்டரிலிருந்து கேஸ் கசிகிறது என்று இதைக் காட்டிப் பிளக்கை மாற்றச் சொல்வார்கள். கசிவு அல்ல. உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள மின்புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்ததால் வரும் கறை. பிளக்குக்கு ஒன்றும் இல்லை. மற்றது, மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு. இது கவலைப்பட வேண்டியது. பொறி சிலிண்டருக்குள் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக ஓடி இரும்பில் இறங்கியிருக்கிறது. அதே கோடு ரப்பர் கேப்பின் உட்சுவரிலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய கேப்பிலுள்ள தடம் புதுப் பிளக்கையும் கெடுக்கும். ஒயரை மட்டும் மாற்றினால் பழைய பிளக் புது ஒயரைக் கெடுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிய தருணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இனி ஒயர். பலருடைய காரில் அது இல்லவே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒயருக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த ஒரு ரப்பர்க் குழாய் மட்டும். அந்த வண்டிக்கு ‘ஒயர் செட் மாத்தணும்’ என்று பில் வந்தால் எங்கே இருந்தது என்று கேளுங்கள். மாருதி 800, சான்ட்ரோ போன்ற பழைய தலைமுறை வண்டிகளில்தான் பானெட்டைத் திறந்ததும் தடித்த ஒயர்கள் தெரியும். 2003 முதல் 2008 வரை விற்ற ஹோண்டா சிட்டியின் ஒரு ரகத்தில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பிளக் செலவை நான்கால் பெருக்கிப் பார்த்து ஏமாறுவதுண்டு.

ஒயரின் உள்ளே இருப்பது செம்புக் கம்பி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. கரி பூசிய நார்க் கரு. பொறியிலிருந்து எழும் ரேடியோ இரைச்சலை அடக்க வேண்டுமென்றே மின்தடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கரு இழுபட்டால் உள்ளுக்குள் அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றுவதே இதற்கு முக்கியக் காரணம். கேப்பைப் பிடித்து, லேசாகத் திருகி, நேராக மேலே எடுக்க வேண்டும். மேலுறை சிலிகானோ ரப்பரோ, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து விறைத்துவிடும். வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் தேங்கினால் கேப் உப்பி இளகிப்போகும். வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் இன்ஜின்மீது பிரஷரில் தண்ணீர் அடித்தால் அந்தக் குழியில் நீர் நிற்கும். வாஷ் முடிந்து வீடு வரும் வழியில் மிஸ்ஸிங் ஆரம்பிப்பது அதனால். எலி வேறு. நிறுத்திவைத்த வண்டியின் கதகதப்பில் குடியேறி ஒயரைக் கடித்துவைக்கும்.

சோதனை சுலபம். இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, இஸ்திரிக்குத் துணி நனைக்கும் ஸ்பிரேயரால் ஒயர்கள்மீது பனிபோல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி துள்ளும், இன்ஜின் உதறும். மழைக்கால மிஸ்ஸிங்கை வெயில் காலத்திலும் இப்படி வரவழைத்துப் பார்த்துவிடலாம். கை வைக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. அடுத்தது மல்டிமீட்டர். இன்ஜினை அணைத்து, ஒயரைக் கழற்றி, இரு முனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். ஒயர் நீளமாக இருந்தால் தடையும் அதிகமாக இருப்பது இயல்பு. நீளத்துக்குப் பொருந்தாமல் ஒன்று மட்டும் தனித்து எகிறினாலோ, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலோ அந்த ஒயர் முடிந்தது. அளக்கும்போது ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே கரு அறுந்திருக்கிறது.

ஒயருக்கு வருடக் கணக்கு சொல்லியே ஆக வேண்டுமென்றால், நம் ஊர் வெயிலில் ஐந்து வருடம் வரை பார்வையிட்டால் போதும், அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பத்து வருடமான ஒயர் சோதனையில் தேறினாலும் அதை வைத்துக்கொண்டு இரவில் நெடும்பயணம் கிளம்ப என் மனம் ஒப்பாது. ஒன்று கெட்டால் செட்டாக மாற்றுவதே முறை, எல்லாமே ஒரே சூட்டில் ஒரே வயது கண்டவை. மாற்றும்போது ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்பது மறந்து நிற்கும் காட்சி ஒர்க்ஷாப்புகளில் சகஜம். தடித்த, வண்ண வண்ண ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஒயர்கள் மைலேஜைக் கூட்டும் என்பது விற்பனைப் பேச்சு. கம்பெனி இன்ஜினுக்குத் தேவையான வோல்ட் நல்ல சாதா ஒயரிலேயே முழுசாகப் போய்ச் சேர்கிறது. புதுப் பிளக் போட்டதும் மைலேஜ் கூடியதுபோல் தெரிவதும், பழசால் இழந்தது திரும்பக் கிடைத்ததுதான்.

பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் கேப்பாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் அது பெரிய தீங்கு செய்யவில்லை. இன்றைய வண்டியில் இறங்க இடமில்லாத மின்னழுத்தம் காயிலையோ கணினியையோ எரித்துவிடலாம். எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதன் உள்ளே உள்ள பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகினால் செலவு பல ஆயிரங்களில். அதற்குப் பதில் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பிட்டு ஒன்றில் என்றில்லாமல் மாறி மாறி. காயில் தனித்தனியாக உள்ள வண்டியில், இன்ஜினை அணைத்துவிட்டு சந்தேகப்படும் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். ஓட்டும்போது செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்ஷாப்புக்குப் போகலாம். அது சிமிட்டினால் கன்வெர்ட்டர் அப்போதே வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள்.

மாட்டும் வேலையில் கெடுப்பது அவசரம். ஹெட் அலுமினியம், சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். ஆறவிட்டு, குழியிலுள்ள மண்ணை ஏர் அடித்து வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள். புதுசை மாட்ட ஒரு சாண் பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் செருகி அதைப் பிடித்து விரலால் சுற்றினால் போதும். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். விரலால் முழுக்க இறங்கிய பிறகு, வாஷர் உள்ள புது 14 மில்லிமீட்டர் பிளக் என்றால் ஸ்பேனரால் அரையிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கழற்றிய அதே பிளக்கை மறுபடி மாட்டுவதென்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். புது நிக்கல் பிளக்கின் கேப்பை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்கலாம். இரிடியத்தில் நடுமுனைமீது எதையும் அழுத்தக் கூடாது. கம்பெனி வைத்த கேப்போடு விட்டுவிடுவதே பெரும்பாலும் உத்தமம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்குப் பிளக்கின் வரலாறு தெரிய வாய்ப்பில்லை. ‘போன வருஷம்தான் மாத்தினேன்’ என்ற வாய்மொழிக்கு ரசீது இல்லையென்றால் நான்கையும் கழற்றி நடுமுனையின் விளிம்பையும் பீங்கானில் கறுப்புக் கோட்டையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. விளிம்பு மழுங்கியிருந்தால் புதுசு போட்டு, அன்றைய ஓடோமீட்டர் எண்ணைக் கையேட்டின் சர்வீஸ் பக்கத்தில் குறித்துவைத்து, அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கலாம். பழைய நான்கில் எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று எழுதி டப்பாவிலேயே போட்டு ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய் ஊறியிருந்தால் வண்டியின் விலையைப் பற்றிப் பழைய உரிமையாளரிடம் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.